இடுப்பு உயரப் பெட்டிகள்

இருபத்தொன்பது வயதில் "அந்தக் காலத்தில்" என்று ஆரம்பித்தால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒரகடம் ரோட்டை ஒட்டி வளர்ந்த நமக்கு வயதின் கணக்கே வேறு. நாம் பார்த்த வேர்க்கடலைக் கொல்லை லாரி நிறுத்துமிடமாகி, அந்த லாரி நிறுத்துமிடத்தில் இப்போது லேடீஸ் ஹாஸ்டல் நிற்கிறது. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸின் கண்ணாடியில் தலை சாய்த்து வரும்போது எனக்கு என் வயது இரண்டு மடங்காகத் தெரிகிறது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

என் வேலை, புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் வகுப்பு எடுப்பது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். இதை எந்த இடத்திலும் தலை நிமிர்ந்து சொல்வேன். இப்போது நான் பேச, எதிரே வரிசையாக உட்கார்ந்து கேட்கிறார்கள். தென்காசிப் பக்கம், சாத்தூர் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து, பையைக்கூட இன்னும் பிரிக்காத பிள்ளைகள். ஹெல்மெட்டைக் கையில் தூக்கிக் காட்டி, "எடுக்கிற பொருள் எப்பவும் உங்க இடுப்பு உயரத்துல இருக்கணும். குனியக் கூடாது" என்று சொல்வேன். ஒவ்வொரு வாரமும் இதே வாக்கியம். சொல்லும்போது ஒவ்வொரு முறையும் அந்த ஹெல்மெட்டுக்குள் ஒரு முட்டை இருப்பதுபோல எனக்குத் தோன்றும். ஏனென்றால் ஒரு காலத்தில் அப்பாவின் ஹெல்மெட்டுக்குள் இருந்தது.

நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்த வருஷம். பிள்ளைப்பாக்கத்தில், ஒரு கம்பெனியின் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி எங்கள் வீடு. ஒரு அறை, அதன் முன்னால் ஒரு சமையல் இடம், பின்னால் கொஞ்சம் காலி மண். அப்பா அந்தக் கம்பெனியில்தான் கான்ட்ராக்டில் இருந்தார். பொருள் ஏற்றிய தள்ளுவண்டியை ஒரு லைனிலிருந்து இன்னொரு லைனுக்குத் தள்ளிக்கொண்டு போவது அவர் வேலை. இருபது வயதுக்குள் உள்ளே போனவர். வேறு எந்த வேலையும் செய்ததில்லை.

திடீரென்று ஒருநாள் லைனை நிறுத்தினார்கள். கான்ட்ராக்ட் ஆட்களைக் கூட்டிவந்த மேஸ்திரி, "வேலை வந்தா ஃபோன் பண்றேன், ரெடியா இருங்க" என்று சொல்லி அனுப்பினார். அப்பா அந்தக் கடைசிச் சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டார். மஞ்சள் ஹெல்மெட்டைத் துடைத்து, மல்லாத்தி, கட்டிலுக்கு அடியில் வைத்தார். பக்கத்தில் சேஃப்டி ஷூ ஜோடி. சட்டைப் பையில் ஃபோன். குளிக்கப் போனாலும் ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போவார். அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான். அப்பாவை மறுபடி கூப்பிடுவார்களா? சோறு வேகிறபோதும் அதுதான். சாமி கும்பிடுகிறபோதும் அதுதான்.

அம்மாதான் கோழியைக் கொண்டுவந்தாள். வாலாஜாபாத் பக்கம் ஒரு முட்டைப் பண்ணையை மூடுகிறார்கள், அப்போதுதான் முட்டை வைக்கத் தொடங்கும் கோழிகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள் என்று மகளிர் குழுவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு சாயங்காலம் குட்டி யானை வண்டியில் பிளாஸ்டிக் கூடைகளோடு வந்து இறங்கினாள். வெள்ளைக் கோழிகள். கூடையைத் திறந்தும் ஒன்றும் வெளியே வரவில்லை. அப்பா ஒவ்வொன்றாகத் தூக்கி மண்ணில் வைத்தார். வைத்த இடத்திலேயே நின்றன. நகங்கள் நீண்டு வளைந்திருந்தன. மண்ணைக் கீறத் தெரியவில்லை. கம்பிக்கூண்டில் காலூன்றி வளர்ந்தவை. தரை என்பதே அவற்றுக்குப் புதிது. ஒரு காலைத் தூக்கி, கீழே பார்த்து, மறுபடி அதே இடத்தில் வைக்கும். கம்பியை எதிர்பார்த்திருக்கும் போல.

"இன்னாமே இது, பொம்மையா வாங்கினு வந்துகீற?" என்றார் அப்பா.

"உன்னாட்டம்தான்யா. வூட்ல விட்டா இன்னா பண்றதுன்னு தெர்ல அதுங்களுக்கு" என்றாள் அம்மா. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்பா சிரித்தார். அதனால் நானும் சிரித்தேன்.

மறுநாள் முதல் அப்பாவுக்கு வேலை வந்துவிட்டது. கம்பெனி வேலைதான், ஆனால் எங்கள் கொல்லையில்.

பின்னால் இருந்த காலி மண்ணில் தகரக்கூரை போட்டு ஒரு கொட்டகை எழுப்பினார். ரோட்டோரப் பழைய மரக்கடையிலிருந்து பேலட் கட்டைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். கப்பலில் சாமான் ஏற்றி வரும் அந்தக் கட்டைகள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம் ஊர் மரத்தின் வாசம் இருக்காது. பிசினும் எலுமிச்சையும் கலந்த மாதிரி ஒரு வாசம். அதில் குடைப் படம், கண்ணாடி டம்ளர் படம், மேலே பார்க்கும் அம்புக்குறி எல்லாம் அச்சடித்திருக்கும். அந்தப் பலகைகளை அறுத்துக் கோழி முட்டையிடப் பெட்டிகள் செய்தார். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் டம்ளர் படம் வருகிற மாதிரி பார்த்துப் பார்த்து ஆணி அடித்தார். உடையும் பொருள் என்று அதற்கு அர்த்தம். அந்தப் படங்கள் அவருக்குத் தெரியும். எழுத்து தெரியாது.

பெட்டிகளைக் கொட்டகைச் சுவரோடு சுவராக, தன் இடுப்பு உயரத்தில் மாட்டினார். "கம்பெனில அப்டிதான். எடுக்கறவன் குனியக் கூடாது. குனிஞ்சா டைம் வேஸ்ட்டு, முதுகும் போய்டும்" என்றார். தரையில் மஞ்சள் பெயின்டில் கோடு இழுத்தார். இந்தப் பக்கம் தீவனம், அந்தப் பக்கம் தண்ணீர், நடுவில் நடக்கும் வழி. உமியைக் கொஞ்சமாகத்தான் தூவினார். தரை தெரிய வேண்டும், ஒரு மூலையும் இருட்டாக இருக்கக் கூடாது என்று உள்ளே டியூப்லைட் போட்டார். கடைசியாக என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, பெட்டிக்கெல்லாம் நம்பர் போடு. மேல பெருசா 'முட்டைக்கு மட்டும்'னு எழுது."

"கோழி படிக்குமாப்பா?"

"போர்டு இருந்தாதான் இடம்னு ஒரு இது இருக்கும். எழுது."

பிரஷ்ஷைப் பிடித்து, கை நடுங்காமல் எழுதினேன். முதல் 'ட்'டின் புள்ளி கொஞ்சம் வழிந்துவிட்டது. மற்றபடி என் வாழ்க்கையில் நான் எழுதிய மிக அழகான எழுத்து அதுதான். அப்பா தள்ளி நின்று வெகுநேரம் பார்த்தார். வாசிக்கத் தெரியாத ஒரு மனுஷன், வாசிக்கத் தெரியாத கோழிகளுக்காக, மகளை விட்டு எழுதிய போர்டு. அன்றைக்கு எனக்குப் பெருமையைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

கோழிகள் முட்டை போட ஆரம்பித்தன. தரையில்.

நடக்கும் வழியில் போட்டன. தீவனத் தொட்டிக்கு அடியில் போட்டன. மஞ்சள் கோட்டின் மேலேயே ஒன்று போட்டது. பெட்டிகள் காலியாக, பிசின் வாசத்தோடு, டம்ளர் படத்தோடு மேலே தொங்கின. முட்டைகள் எச்சத்தில் புரண்டன, மிதிபட்டன. விரிசல் விட்டதைக் கோழிகளே கொத்தித் தின்னப் பழகின. காலையில் கொட்டகைக் கதவைத் திறந்தால் மீன்தூள் கலந்த தீவன வாசமும், உடைந்த முட்டையின் கவிச்சியும், தகரக்கூரையின் சூடும் சேர்ந்து முகத்தில் அடிக்கும்.

"உங்களுக்கு மாடி வூடு கட்டிக் குட்த்தா வாசல்ல பட்த்துக்கினு கீறீங்களே, மூதேவிங்களா" என்று அம்மா ஒவ்வொரு முட்டையாகப் பொறுக்குவாள்.

அப்பா திட்டவில்லை. புதிதாக லைனுக்கு வந்த பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பது போலவே செய்தார். ஒரு கோழியைத் தூக்கி மூன்றாம் நம்பர் பெட்டிக்குள் வைத்து, "இது உன் இடம், இன்னா? இதான் உன் இடம்" என்பார். அது உள்ளே பயந்துகொண்டு நிற்கும். அவர் கையை எடுத்ததும் விளிம்புக்கு வந்து கீழே எட்டிப் பார்க்கும். பிறகு இறக்கை இருப்பதையே மறந்துவிட்டு, கல் விழுவது போல 'தொப்' என்று விழும். எழுந்து, தீவனத் தொட்டிக்கு அடியில் போய், நிம்மதியாக முட்டை போடும்.

"வெளிச்சம் பத்தல போலக் கீது" என்று அப்பா இன்னொரு டியூப்லைட் போட்டார்.

முட்டைகளைப் பக்கத்து லேடீஸ் ஹாஸ்டலின் சமையலுக்குக் கொடுப்பதாக அம்மா பேசி வைத்திருந்தாள். அங்கே சமைக்கிற மெஸ் அக்காவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். வாய் பெரிசு, மனசும் பெரிசு. முட்டை அட்டையைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன மதினி, இது முட்டயா, சாணி உருண்டயா? இதப் பாத்தா பிள்ளையள் அன்னைக்கு சோறே திங்காதுவ" என்றாள்.

மறுநாள் அம்மா கழுவிக் கொண்டுபோனாள். மெஸ் அக்கா ஒன்றை எடுத்து விரலால் தடவிப் பார்த்தாள். "களுவிட்டு வந்தியளோ? களுவுன முட்ட ரெண்டு நாள் தாங்காதுல்லா. வெயில வேற பாக்கியள்லா."

"கழுவலன்னாலும் வாங்க மாட்ட, கழுவுனாலும் வாங்க மாட்ட. நான் இன்னா, கோழிக்கு ஜட்டி வாங்கிப் போட்டுக் கூட்டியாரட்டா?" என்றாள் அம்மா.

மெஸ் அக்கா சிரித்துச் சிரித்து இருமினாள். ஆனால் வாங்கவில்லை. "சுத்தமா வந்தா நானே வந்து எடுத்துக்கிடுதேன். இப்ப வேண்டாம்" என்று அட்டையைத் திருப்பித் தந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அம்மா அப்பாவிடம் கேட்டாள். "அந்தப் பெட்டிய கீழ எறக்கிப் பாத்தா இன்னாயா?"

அப்பாவின் முகம் மாறிவிட்டது. "குனிஞ்சு பொறுக்கறது கூலி வேலமே. நான் லைன்ல நின்னவன்."

இப்போது அந்த வார்த்தை எனக்குப் புரிகிறது. கொட்டகைக்குள் மாட்டியிருந்த அத்தனையும், கோடும் போர்டும் லைட்டும், கோழிக்காக இல்லை. ஃபோன் வரும் நாளில் கை மறந்துவிடக் கூடாது என்பதற்காக. பெட்டியைக் கீழே இறக்கினால் கூப்பிட மாட்டார்கள் என்று நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன். அப்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இந்த நேரத்தில்தான் ஒரு கோழி வீட்டுக்குள் வரப் பழகியது. கழுத்தில் இறகு உதிர்ந்த கோழி. நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரத்தில் வாசல் வழியாக வந்து, கட்டிலுக்கு அடியில் நுழைந்து, அசையாமல் உட்கார்ந்துவிடும். பிறகு கொக்கரித்துக்கொண்டே வெளியே ஓடும். ஒருநாள் நான் தரையில் படுத்து எட்டிப் பார்த்தேன். இருட்டு. மல்லாத்தி வைத்த ஹெல்மெட்டின் உள்ளே, தலையைத் தாங்கும் அந்தப் பட்டைகளின் மேல், ஒரு முட்டை. ஒரு துளி அழுக்கில்லை. கையில் எடுத்தால் வெதுவெதுவென்று இருந்தது.

"எம்மா, இங்க வாயேன்!"

அம்மா பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "யோவ், உன் சீட்டுல ஆள் போட்டாச்சுயா."

அப்பா சிரிக்கவில்லை. முட்டையை அம்மாவிடம் கொடுத்தார். ஹெல்மெட்டை எடுத்துப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, பரண்மேல் வைத்தார். மறுநாள் அந்தக் கோழி கட்டிலுக்கடியில் போய், காலியான இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, சேஃப்டி ஷூவின் பக்கத்தில் இடுக்கிக்கொண்டு முட்டை போட்டது. அதற்கு அடுத்த நாள் அப்பாவே, எங்களைப் பார்க்காமல், ஹெல்மெட்டை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. தினமும் அதில் ஒரு சுத்தமான முட்டை. வீட்டில் அது ஒன்றுதான் ஒழுங்காக நடந்த காரியம்.

மழைக்காலம் ஆரம்பிக்கும் முன்பு ஃபோன் வந்தது. அப்பா குளித்துக்கொண்டிருந்தார், நான்தான் எடுத்தேன். மேஸ்திரி. "நாளைக்கு காத்தால கேட்டாண்ட வரச் சொல்லு. ஹெல்மெட்டு ஷூவோட." நான் கத்திய கத்தலில் அப்பா ஈரத் தலையோடு ஓடிவந்தார். அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தாள். கோழிகளைப் பற்றி யாரும் பேசவில்லை.

மறுநாள் காலை அப்பா ஷூவைப் போட்டுக்கொண்டு கட்டிலுக்கு அடியில் கையை விட்டார். கோழி உள்ளே உட்கார்ந்திருந்தது. "ஏய், எந்திரி, டைம் ஆச்சு" என்றார். அது எழவில்லை. இரண்டு கையாலும் பதமாகத் தூக்கி வெளியே விட்டு, முட்டையை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். ஹெல்மெட்டுக்குள் ஒட்டியிருந்த ஒரு வெள்ளை இறகை ஊதிவிட்டு, தலையில் வைத்துக்கொண்டு, சுவரோரமாக நடந்து கம்பெனி கேட்டுப் பக்கம் போனார். நிமிர்ந்து நடந்தார்.

நான் மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அவர் வீட்டில் இருந்தார். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஷூ கழற்றவில்லை.

"ஆள் போதுமாம்" என்றாள் அம்மா, நான் கேட்பதற்கு முன்பே.

அது முழு உண்மை இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம்தான் அப்பா மிச்சத்தைச் சொன்னார். பழைய லைனில் தள்ளுவண்டிகளுக்கு நிறம் இருந்தது. நீலப் பட்டை இங்கே, சிவப்புப் பட்டை அங்கே. அவருக்கு நிறம் போதும். புது லைனில் டிவி மாதிரி ஒன்றில் எழுத்து வருகிறது. அதை வாசித்துவிட்டு வண்டியைத் தள்ள வேண்டும். வரிசையில் நின்ற ஒவ்வொருவரையும் அதை வாசிக்கச் சொன்னார்கள். அப்பாவின் முறை வந்தது. அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். பின்னால் நின்ற சின்னப் பையன் காதோடு சொல்லிக்கொடுத்தானாம். அதைத் திருப்பிச் சொல்ல வாய் வரவில்லை என்றார். நகர்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் கொட்டகையிலிருந்து ஆணி பிடுங்கும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தோம். அப்பா பெட்டிகளைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாகத் தரையில், சுவரோரம் வரிசையாக வைத்தார். ஒவ்வொரு பெட்டியின் வாயிலும் பழைய கோணிச்சாக்கைத் திரை மாதிரி தொங்கவிட்டார். உமியை நிறையக் கொட்டினார். கடைசியில் ஸ்விட்ச்சைத் தட்டி இரண்டு டியூப்லைட்டையும் அணைத்தார். தகர இடுக்கு வழியாக வந்த சாயங்கால வெளிச்சம் மட்டும் மிச்சம்.

அம்மா வாசலில் நின்றுகொண்டு, மெதுவாக, பயந்துகொண்டே கேட்டாள். "குனியக் கூடாதுன்ன? இடுப்பு உயரம்ன?"

அப்பா நிமிரவில்லை. "இடுப்பு உயரந்தான்மே இது. கோழியோட இடுப்பு."

அம்மா சிரித்தாள். பிறகு அழுதாள். அப்பா ஹெல்மெட்டை எடுத்து வந்து, இருட்டான கடைசி மூலையில், மல்லாத்தி, உமியில் பாதி புதைத்து வைத்தார். அம்மாவிடம் கையை நீட்டினார். என்ன கேட்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. காலையில் கொடுத்த முட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதைத் திரும்ப ஹெல்மெட்டுக்குள் வைத்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதினால் நீங்களே நம்ப மாட்டீர்கள். சில கோழிகள் பெட்டிக்கு வந்தன. ஒன்று போட்ட இடத்தில்தான் இன்னொன்றும் போட்டது. ஹெல்மெட்டுக்கு முன்னால் வரிசையே நின்றது. பக்கத்தில் நல்ல பெட்டி காலியாக இருந்தாலும் அதற்குத்தான் சண்டை. மெஸ் அக்கா சொன்னபடியே வந்து, அட்டையைத் திறந்து பார்த்து, "இப்பத்தான் மதினி இது முட்ட" என்று எடுத்துப் போனாள். ஆனால் பாதிக் கோழிகள் கடைசிவரை மாறவில்லை. உமியும் இருட்டும் பெட்டியும் பக்கத்திலேயே இருக்க, கால் நின்ற இடத்திலேயே போட்டன. கிழடாகி விற்கும்வரை அப்படித்தான்.

அடுத்த முறை அப்பா பிறந்து இரண்டு நாளான குஞ்சுகளாக வாங்கினார். அவை ஓடத் தொடங்கியதுமே, விரல் உயரத்தில் துடைப்பக் குச்சிகளைக் குறுக்கே கட்டினார். வளர வளரக் குச்சியை உயர்த்தினார். விளையாட்டாகத்தான் செய்தார். அவை பெரிதானபோது எங்கே வைத்த பெட்டிக்கும் தாவி ஏறின. கூரைமேல் ஏறின. ஒன்று காம்பவுண்டுச் சுவர்மேலேயே ஏறி நின்று கம்பெனிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தது. குஞ்சாக இருக்கும்போதே ஏறிப் பழகாத கோழிக்கு, பிறகு உயரத்தில் எவ்வளவு நல்ல கூடு வைத்தாலும் அது கண்ணில் படுவதே கடினம் என்று பிற்பாடு ஒருநாள் ஃபோனில் படித்தேன். படிக்கத் தெரிந்ததில் இப்படியும் ஒன்று உண்டு. நம் வீட்டில் நடந்தது எங்கோ அச்சாகியிருப்பதைப் பல வருஷம் கழித்துப் பார்ப்போம். பார்த்துவிட்டு, சொல்ல ஆளில்லாமல் ஃபோனை மூடி வைப்போம்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தேன். கொட்டகை அதேதான். 'முட்டைக்கு மட்டும்' போர்டு இன்னும் மேலே சுவரில், பெட்டிகள் இல்லாத இடத்தில் தனியாக இருக்கிறது. வழிந்த புள்ளி அப்படியே இருக்கிறது. ஹெல்மெட்டில் மஞ்சள் எங்கே என்று தேட வேண்டும். அப்பாவின் முதுகு இப்போது பாதிக்கு மேல் நிமிர்வதில்லை.

"புதுப் பசங்களுக்கு இன்னா பாப்பா சொல்லித் தர்ற?" என்று கேட்டார். எப்போது போனாலும் இதைக் கேட்பார். என் வாயால் கேட்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

"குனியக் கூடாதுன்னுதான்பா."

"ஆமா. சரியா சொல்லிக் குடு" என்றார். கூடையை எடுத்துக்கொண்டு, இருட்டு மூலைக்குப் போய், குனிந்தார்.